பாலம் திறக்கும்வரை பாதை ஓட வேணும்

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக் கொடுக்கிறோம். கோடிங் எண்டா பெரிசா ஒண்டுமில்லை, பைத்தன்தான். கம்பியூட்டர் ஆறு. எல்லாம் யாரோ எங்கேயோ பாவித்து முடித்துத் தந்தவை. நாலில் விண்டோஸ் 7. மற்ற ரெண்டும் குட்டி நெட்புக். 32 பிட்டைத் தாண்டி அதுகளால் ஓட ஏலாது.

முதல் வகுப்புக்கு முந்தின இரவு என் போன் டேட்டாவில் பைத்தனை இறக்கினேன். தளத்தின் முன்பக்கத்தில் ஒரு பெரிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஆகப் புதிய பதிப்பு வரும். வந்தது. விண்டோஸ் 7 அதை ஏற்க மாட்டேன் எண்டு நின்றது. தேடிப் பார்த்தால், விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைத்தன் 3.8. சரி, அந்த வரிசையில் ஆகப் பிந்தின 3.8.20ஐத் திறந்தேன். அதில் விண்டோஸுக்கான இன்ஸ்டோலரே இல்லை; மூலநிரல் மட்டும். ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போய் 3.8.10க்கு வந்த பிறகுதான் இன்ஸ்டோலர் கிடைத்தது. அது 2021 மே மாதம் வெளியானது. அப்ப நேரம் இரவு பன்னிரண்டரை. டேட்டாவும் முடிஞ்சுது.

அடுத்த நாள் காலை ஒரு பெடியன் கேட்டான்: “அக்கா, எங்கட கம்பியூட்டரில மட்டும் ஏன் பழசு?”

முந்தின இரவு கேட்டிருந்தால், “எங்களை மாதிரி ஆக்களை அவங்கள் கணக்கெடுக்கிறதில்லை” எண்டு சொல்லியிருப்பேன். அவ்வளவு கோபம். ஆனால் அது முழு உண்மை இல்லை. இந்தக் கட்டுரை அவனுடைய கேள்விக்கு நான் தர நினைக்கும் நீண்ட பதில்.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். திறந்த மூல மென்பொருள்கள் பழைய பதிப்புகளைக் கைவிடத்தான் வேண்டும். ஆனால் எப்போது கைவிடுவது என்பதை ‘இன்னும் எத்தனை வீதம் பேர் பாவிக்கிறார்கள்’ என்ற எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. முன்கூட்டியே அறிவித்த திகதியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் திகதிக்குப் பிறகும் கரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு கடவையும் இருக்க வேண்டும்.

ஏன் கைவிட வேண்டும்?

எந்த மென்பொருளும் தனியாக நிற்பதில்லை. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் ஒரு வரைபு கீறினால், அந்தப் பத்து வரி நிரல் மட்பிளொட்லிப்பில் நிற்கிறது. மட்பிளொட்லிப் நம்பையில் நிற்கிறது. நம்பை பைத்தனில், பைத்தன் விண்டோஸில். இப்படி ஒன்று இன்னொன்றில் தங்கி நிற்பதைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். கீழே உள்ள ஒன்று மாறினால் மேலே உள்ள எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேணும்.

இப்ப ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். ஐந்து பைத்தன் பதிப்புகள், மூன்று இயங்குதளங்கள், நம்பையின் மூன்று பதிப்புகள் என்று வைத்தால் 45 சேர்க்கைகள். ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும் 45லும் ஓடுதா எண்டு பார்க்க வேணும். அவர் அனேகமாகச் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து, பிள்ளையைப் படுக்க வைத்த பிறகு இதைச் செய்கிறவர். ஒரு பழைய பதிப்பைக் கைவிட்டால் அவருக்கு இரவில் ஒரு மணித்தியாலம் மிஞ்சும். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அடுத்த பாதுகாப்புத் திருத்தம் வரும்.

2021 டிசம்பரில் லொக்4ஜே பிரச்சினை வந்தபோது உலகமே அதைப் பார்த்தது. ஜாவாவில் எழுதிய எத்தனையோ மென்பொருள்களுக்கு அடியில் இருந்த ஒரு சின்ன லைப்ரரி அது. அதிலிருந்த ஓட்டையால் வெளியாள் ஒருவர் சேர்வருக்குள் தன் நிரலை ஓட்டலாம். தன்னார்வலர்கள் சிலர் நத்தாருக்கும் விடுமுறை இல்லாமல் திருத்தினார்கள். புதிய பதிப்பைத் திருத்தினால் போதவில்லை. ஜாவா 7இல் இருப்பவர்களுக்காக 2.12.2, ஜாவா 6இல் இருப்பவர்களுக்காக 2.3.1 என்று, தாங்கள் எப்போதோ விட்டுவந்த பாதைகளுக்கும் திரும்பிப் போய்த் திருத்தம் கொடுத்தார்கள். அதைப் பெரிய மனசு என்பேன். ஆனால் அதை எல்லோரிடமும் எல்லா நாளும் உரிமையாகக் கேட்க முடியாது.

கைவிடாமலே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் வெளியில் போய் உதாரணம் தேடத் தேவையில்லை. எங்கட ஊர் அச்சகங்களிலும் டைப்செற்றிங் கடைகளிலும் போய்ப் பாருங்கள். பாமினி எழுத்துரு, அதற்குப் பேஜ்மேக்கர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதில் யூனிகோட் தமிழ் ஓடாது. பாமினி ஓடும். அதனால் பாமினி, அதனால் பேஜ்மேக்கர், அதனால் பழைய விண்டோஸ். ஒன்றின் கையை மற்றது பிடித்துக்கொண்டு நிற்கிறது. திருவிழா நோட்டீஸ் அடிக்க அது போதும். ஆனால் பாமினியில் அடித்த ஒரு நினைவு மலரை எடுத்து அப்படியே போனில் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தேடினால் கிடைக்காது. இருபது வருசத் தமிழ் எழுத்து இப்படி எங்கட சொந்தக் கம்பியூட்டர்களுக்குள்ளேயே பூட்டிக் கிடக்குது. அதைத் தட்டச்சு செய்த அக்காமாரில் பிழை இல்லை. ‘இந்தத் திகதியோட இது முடியுது, மாறுங்கோ, மாறுறதுக்கு இந்த வழி’ என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

எண்ணிக்கை சொல்லும் பொய்

சரி, கைவிடலாம். எப்போது? வழக்கமாகச் சொல்லும் பதில்: “பாவிக்கிற ஆக்கள் ஒரு வீதத்துக்குக் கீழ வந்ததும்.” கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் யாரை எண்ணுகிறார்கள்?

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் சேவையின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஒரு தளத்தைத் திறக்கும்போது பூட்டு அடையாளம் வருமே, அதற்கான சான்றிதழைக் கோடிக்கணக்கான தளங்களுக்கு இவர்கள்தான் கொடுக்கிறார்கள். அதை நம்புவதற்குத் தேவையான மூலச் சான்றிதழ் அண்ட்ராய்ட் 7.1.1க்கு முந்தின போன்களில் இருக்கவில்லை. அதுவரை இன்னொரு நிறுவனத்தின் பழைய சான்றிதழில் சாய்ந்து நின்றார்கள். அது 2021 செப்டெம்பரில் காலாவதியாக இருந்தது. 2020 நவம்பரில் அவர்கள் ஒரு கணக்கை வெளிப்படையாகச் சொன்னார்கள்: அண்ட்ராய்ட் போன்களில் 33.8 வீதம் 7.1ஐ விடப் பழசு. ஆனால் பெரிய தளங்களுக்கு அந்தப் போன்களிலிருந்து வரும் போக்குவரத்து 1 முதல் 5 வீதம் மட்டும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனை எண்ணினால் மூன்றில் ஒருவர். கிளிக்கை எண்ணினால் இருபதில் ஒருவர்கூட இல்லை. இரண்டும் உண்மை. பழைய போன் வைத்திருப்பவரிடம் டேட்டாவும் குறைவு. அவர் நாள் முழுக்க ஸ்க்ரோல் பண்ண மாட்டார். காலையில் ஒருக்கா வட்ஸ்அப், பின்னேரம் ஒருக்கா பெறுபேறு பார்க்க. அவருடைய கிளிக்குகளை எண்ணிவிட்டு அவரை எண்ணிவிட்டதாக நினைப்பதுதான் பிழை.

பைத்தன் உலகிலும் இதேதான். ஒரு லைப்ரரி எத்தனை தரம் டவுன்லோட் ஆனது என்று பார்த்துப் பழைய பதிப்புகளின் பங்கைக் கணிக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை அமைப்பு ஒவ்வொரு தடவை நிரல் மாறும்போதும் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஒருக்கா இறக்கி, பென் டிரைவில் போட்டு, ஆறு கம்பியூட்டருக்கும் கொண்டு போனோம். கணக்கில் நாங்கள் ஒன்று. எங்களுக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டு பிள்ளைகள் பூச்சியம்.

எண்ணிக்கைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. எண்ணிக்கையை நம்பிக் காத்திருந்தால் சிலவேளை அது ஒருபோதும் குறையாது. பிஎச்பி 5.2க்கான ஆதரவு 2011 ஜனவரியோடு முடிந்தது. ஆனால் வேர்ட்பிரஸ் 2019 மே வரை, எட்டு வருசத்துக்கும் மேலாக, அதில் ஓடிக்கொண்டிருந்தது. ‘சனம் இன்னும் பாவிக்குது’ என்பதுதான் காரணம். சனம் ஏன் பாவித்தது? அது அவர்களின் தெரிவில்லை. எந்த பிஎச்பி என்பதை ஹோஸ்டிங் கம்பனி தீர்மானிக்கிறது. தளம் வைத்திருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் வேர்ட்பிரஸ்காரர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை, தளத்தை நடத்துபவர் தினமும் பார்க்கும் திரையிலேயே ‘உங்கள் பிஎச்பி பழசு, ஹோஸ்டிங் கம்பனியிடம் கேளுங்கள்’ என்று காட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் கதவை மூடினார்கள்.

திகதி ஏன் நியாயம்

அதனால்தான் நான் நாட்காட்டியின் பக்கம். பைத்தனிடம் ஒரு தெளிவான விதி இருக்கிறது: ஒரு புதிய பைத்தன் வெளிவரும் நாளில் மைக்ரோசொஃப்டின் நீடித்த ஆதரவு எந்த விண்டோஸுக்கு இருக்கிறதோ, அதில் அந்தப் பைத்தன் ஓடும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. பைத்தன் 3.9 அதே வருசம் ஒக்டோபரில் வந்தது. ஆகவே 3.9இல் விண்டோஸ் 7 இல்லை. யாருடைய மனநிலையும் இதற்குள் இல்லை. வருசக்கணக்குக்கு முன்னரே யாரும் கணக்குப் பார்த்திருக்கலாம்.

நம்பை போன்ற அறிவியல் லைப்ரரிகள் சேர்ந்து ஒரு பொது விதி வைத்திருக்கின்றன: ஒரு பைத்தன் பதிப்பு வெளிவந்து மூன்று வருசத்தில் அதைக் கைவிடலாம், தாங்கள் ஒன்றில் ஒன்று தங்கியிருக்கும் லைப்ரரிகளின் பதிப்புகளை இரண்டு வருசத்தில். 2007இல் பிஎச்பி உலகில் நடந்ததும் இப்படி ஒன்றுதான். எந்தத் திட்டமும் தான் முதலில் பிஎச்பி 4ஐக் கைவிட்டு ஆக்களை இழக்க விரும்பவில்லை. ஆகவே துருப்பல், பிஎச்பிமைஅட்மின் உட்படப் பல திட்டங்கள் சேர்ந்து ஒரே நாளைக் குறித்தன: 2008 பெப்ரவரி 5. அதற்குப் பிறகு வரும் புதிய பதிப்புகளுக்கு பிஎச்பி 5.2 வேணும். எல்லோரும் ஒரே நாளில் போனதால் ஹோஸ்டிங் கம்பனிகளுக்கும் மாறாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் திகதிகள் எங்களுக்கு நியாயமா எண்டு கேட்டால், முழுக்க நியாயம் இல்லை. ரெண்டு மூன்று வருசம் என்ற கணக்கு, மூன்று வருசத்துக்கு ஒருக்கா லப்டொப் மாற்றுகிற ஊரில் போட்ட கணக்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து ரெண்டு மாசத்தில் 360க்குப் போனதை நாங்கள் பார்த்தோம். “புதுசு ஒண்டு வாங்குங்கோ” என்ற அறிவுரைக்கு அந்த வருசத்தில் இங்கே அர்த்தமே இருக்கவில்லை. என்றாலும் நான் திகதியையே கேட்பேன். மூன்று வருசம் போதாது, ஐந்து தாருங்கள் என்று ஒரு திகதியோடு வாதாடலாம். எண்ணிக்கையோடு வாதாட முடியாது. அதற்குள் நாங்கள் இல்லவே இல்லை.

கடவை

இனி, திகதி மட்டும் ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். இதற்குக் கிண்ணியாவுக்குப் போக வேணும்.

எங்கட கிழக்கில் ‘பாதை’ எண்டா றோட்டு மட்டுமில்லை. ஆக்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். திருகோணமலையிலிருந்து கிண்ணியா போகப் பாதைக்காகக் காத்து நின்ற காலத்தை அம்மா அப்பாவிடம் கேட்டால் சொல்வார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதன் பிறகு அந்த இடத்தில் பாதைக்குத் தேவை இருக்கவில்லை. பழசைக் கைவிடுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை: புதுசு திறந்தாகிவிட்டது, எல்லோரும் அதில் போகலாம், காசும் இல்லை.

அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் நடந்தது வேறு. அங்கே புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த இடைக்காலத்தில் சனம் கடக்க ஒரு மிதவை ஓடியது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்த நாளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை.

ஒரு லைப்ரரி இன்ஸ்டோல் ஆகாததை அந்த இழப்போடு ஒப்பிட நான் வரவில்லை. அப்படி ஒப்பிடக் கூடாது. நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. புதுப் பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழசுக்கும் புதுசுக்கும் நடுவிலுள்ள காலத்தில்தான் ஆபத்து முழுக்க இருக்கிறது. அந்த நடுக்காலத்தைக் கட்டுமான வேலையின் ஒரு பகுதியாக நினைக்க வேணும். ‘அது வேற ஆக்கள்ட பொறுப்பு’ எண்டு விடக் கூடாது.

மென்பொருளில் அந்த நடுக்காலக் கடவை எப்படி இருக்கும்? நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2017இல் ஐபைத்தன் 6, பைத்தன் 2ஐக் கைவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அந்த ஆக்களும் மற்றவர்களும் சேர்ந்து, பைத்தன் லைப்ரரிகளை இறக்கித் தரும் பிப் என்ற கருவிக்கு ஒரு விசயத்தைப் பழக்கினார்கள்: ‘இந்தப் பதிப்புக்கு எந்தப் பைத்தன் வேணும்’ என்ற குறிப்பை வாசிப்பது. அதனால் பழைய பைத்தன் வைத்திருப்பவர் கேட்டால், பிப் புதுசைக் கொடுத்து உடைக்காது. அவருக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தானே தேடிக் கொடுக்கும். எங்கள் வகுப்பில் 3.8இல் நின்று நம்பையைக் கேட்டபோது 1.24 வரிசை சத்தமில்லாமல் வந்து இறங்கியது இதனால்தான். யாரென்றே தெரியாத ஒருவர் சில வருசத்துக்கு முன் எங்களுக்காக ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறார்.

லெட்ஸ் என்கிரிப்டும் ஒரு வழி தேடியது. பழைய போன்களில் தொடர்ந்து செல்லுபடியாகும்படி, அந்த மற்ற நிறுவனத்தோடு பேசி இன்னும் மூன்று வருசத்துக்கு ஒரு குறுக்குக் கையொப்பம் வாங்கினார்கள். 2024 செப்டெம்பரில் அது முடிந்தது. அதற்கு முதல் வருசமே புதிய சான்றிதழை நம்பும் அண்ட்ராய்ட் போன்கள் 66 வீதத்திலிருந்து 93.9 வீதமாகியிருந்தன. இங்கே எண்ணிக்கையும் பாவிக்கப்பட்டது, ஆனால் கைவிடும் நாளைத் தீர்மானிக்க அல்ல. கடவை இன்னும் எவ்வளவு காலம் ஓட வேணும் எண்டு பார்க்க. அப்படிப் பாவித்தால் எண்ணிக்கை நல்லது. பயர்பொக்ஸும் 2023 ஜூலையில் வந்த 115ஐ விண்டோஸ் 7க்கான கடைசிப் பதிப்பாக்கி, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களைச் சொன்ன நாளுக்குப் பிறகும் நீடித்துக்கொண்டு போனது.

மறுபக்கத்துக்கு ஒரு உதாரணம்: 2021 பெப்ரவரியில் பைத்தனின் கிரிப்டோகிரஃபி லைப்ரரி 3.4 வந்தபோது, அதைக் கட்டுவதற்கு ரஸ்ட் மொழிக் கருவிகள் தேவைப்பட்டன. காரணம் நியாயமானது, நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்பு ஓட்டைகளை ரஸ்ட் வெகுவாகக் குறைக்கும். மாற்றத்தை முன்பே சொல்லியும் இருந்தார்கள். ஆனால் சொன்ன இடம் பாவிக்கிறவர்கள் பார்க்காத இடம். ஒரு காலை எத்தனையோ பேரின் வேலை விளக்கம் இல்லாத பிழைச் செய்தியோடு நின்றது. பலரிடம் இருந்தது பழைய பிப் மட்டும். அதைப் புதுப்பித்தாலே போதுமாயிருந்தது. அறிவித்தல் பலகையைப் பாதை புறப்படும் துறையில் வைக்க வேணும். கந்தோருக்குள்ள வச்சா யார் பார்க்கிறது?

பைத்தன் 3.8க்குத் திரும்பி வந்தால், அங்கேயும் கடவை பாதிதான். திகதி சரியாக இருந்தது. கடைசிப் பதிப்பும் இருந்தது. ஆனால் 3.8.10க்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மூலநிரலாக மட்டுமே வந்தன. அதை எடுத்துத் தானே கட்டத் தெரிந்தவர் விண்டோஸ் 7இல் உட்கார்ந்திருக்க மாட்டார். “விண்டோஸ் 7 வைத்திருக்கிறீர்களா? இதுதான் உங்களுக்கான கடைசி இன்ஸ்டோலர், இதற்கு மேல் திருத்தம் இல்லை, இணையத்தில் பாவிக்காதீர்கள்” என்று முன்பக்கத்தில் மூன்று வரி இருந்திருந்தால் என் ஒரு இரவு மிஞ்சியிருக்கும். அந்த மூன்று வரிக்குப் பெரிய காசு தேவையில்லை.

எங்கட பங்கு

இவ்வளவும் மற்றவர்கள் செய்ய வேண்டியது. இதோடு முடித்தால் இது ஒரு முறைப்பாடு மட்டும்தான்.

நாங்கள் எப்பவும் பயணிகளாகவே இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அடித்த கையோடு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய இலங்கையிலிருந்த மென்பொருளாளர்கள் தன்னார்வமாக எழுதியதுதான் சஹானா. அது திறந்த மூலமாக இருந்ததால் பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. 2006க்கான இலவச மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மை விருதும் கிடைத்தது. அடுத்த அனர்த்தத்துக்கு அது அப்படியே ஓடாது. கீழேயிருக்கும் பிஎச்பியும் தரவுத்தளமும் மாறிக்கொண்டே இருக்கும். எழுதுவது ஒரு மாசம். ஓட வைத்துக்கொண்டே இருப்பது இருபது வருசம். அந்த இருபது வருச வேலைக்குத்தான் ஆள் இல்லை.

ஊருக்குள்ளேயும் இதைப் பார்க்கலாம். ஏதோ ஒரு திட்டத்தில் ஒரு தளம் செய்வார்கள். திறப்பு விழா, பனர், போட்டோ. திட்டம் முடியும், ஆக்கள் போவார்கள், தளம் மட்டும் செத்த பிஎச்பியில் கிடந்து ஒருநாள் சூதாட்ட விளம்பரம் காட்டும். அதனால் கோடிங் தெரிந்த உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சங்கத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஏதாவது எழுதிக் கொடுத்தால், அது எந்தப் பதிப்புகளில் நிற்கிறது, அவை எப்போது முடிகின்றன, முடிந்தால் யார் மாற்றுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இனாமாகச் செய்தாலும் கொடுங்கள். பழைய கம்பியூட்டர் நன்கொடை தருகிறவர்களும் அதோடு அந்தத் தாளைத் தரலாம். ஒரு லைப்ரரி உங்களைக் கைவிடப் போகிறது என்று தெரிந்தால் திட்டுவதற்கு முதல் அவர்களுக்கு எழுதுங்கள்: நாங்கள் இத்தனை பேர், இந்தக் காரணம், இவ்வளவு காலம் வேணும், சோதித்துத் தர நாங்கள் தயார். எண்ணிக்கையில் தெரியாதவர்கள் குரலில்தான் தெரிய வேணும்.

எங்கள் வகுப்பிலும் நாங்களே அந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. பைத்தன் 3.8க்கான எல்லா ஆதரவும் 2024 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 7 அதற்கும் முன்னரே. பிள்ளைகளை அதில் விட்டு வைத்துவிட்டு, பைத்தன்காரர்களைப் பற்றி நான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க ஏலாது. அந்த நாலு கம்பியூட்டரிலும் இணையத்தை நிறுத்தினோம்; தேவையான லைப்ரரிகள் பென் டிரைவில் வரும். நெட்புக் ரெண்டிலும் டெபியன் 12 போட்டோம். 32 பிட்டுக்கான இன்ஸ்டோலர் அதோடு கடைசி. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் அது இல்லை. நாலு கம்பியூட்டரையும் டெபியன் 13க்கு மாற்றுவோம், ஆனால் சாதாரண தரச் சோதனைக்கு முதல் இல்லை. பிள்ளைகள் பழகின திரையை நடுவில் பிடுங்கக் கூடாது. சோதனை முடிந்து வரும் முதல் ஞாயிறு என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதுவரை ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி அரை மணித்தியாலம் நெட்புக்கில், மாறிமாறி.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அதே பெடியன் திரும்பவும் கேட்டான்: “அக்கா, அப்ப இந்த நெட்புக் ரெண்டும்?”

அதுகளுக்கு இன்னும் திகதி எழுதவில்லை. எழுத வேணும்.